ஃபேமிலிசேர்ச்: தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பரம்பரையைத் தேட இது உதவுமா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே இறந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தேட ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளம் உதவுமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: அது தேடித் தராது. ஆனால் நீங்கள் அலைந்து திரிந்து கொண்டுவருவதைச் சிதறாமல், அவருக்குரிய மரியாதையோடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். தேடியது என் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பிள்ளைக்காம்பரா என்ற தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்து, பத்து வயதுக்குள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கி, 1987இல் அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கண்ணை மூடியவர். பிரபலமானவர் இல்லை, படித்தவரும் இல்லை. அவரைப் பற்றி எழுதிவைத்தவர் யாருமில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு இந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன். ஐரோப்பியப் பூட்டன்மாரைத் தேடுகிறவர்களுக்கு உலகில் எழுதப்பட்ட மதிப்பீடுகள் ஏராளம். நம்மைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை.

முதலில் தளத்தைப் பற்றி. இதை நடத்துவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் கொண்ட, மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் புனிதர்களின் சபை. 1894இல் வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938இலிருந்து உலகமெங்கும் உள்ள பதிவேடுகளை மைக்ரோபிலிமில் படம்பிடித்து, ஏறக்குறைய 24 இலட்சம் சுருள்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றை டிஜிட்டல் ஆக்கும் வேலை 2021இல் முடிந்தது. தளம் 1999இலிருந்து இயங்குகிறது. மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் கணக்குத் தொடங்கலாம். சந்தா கிடையாது. கைத்தொலைபேசிச் செயலியும் உண்டு, நான் பெரும்பாலும் அதில்தான் வேலை செய்தேன்.

சரி, அம்மாயியின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டால் என்ன வரும்? ஒன்றும் வராது. அதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது. இலங்கையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருப்பவற்றில் முக்கியமானவை கொழும்பு டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள். ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பங்களுக்கு அது புதையல். பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் கூடப் போகலாம். மாரியம்மன் கோயில் வாசலில் தாலி கட்டியவர்களுக்கு எந்தத் தேவாலயத்தில் ஏடு இருக்கப் போகிறது?

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். மொரீசியசுக்கும் தென்னாபிரிக்காவின் நட்டாலுக்கும் போன நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பலேறும்போதே ஆளுக்கொரு பதிவு: பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் உள்ள அடையாளம். மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவகத்தில் அந்தப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு. இலங்கைக்கு வந்தவர்களோ பெரும்பாலும் கங்காணியின் கீழ் வந்தவர்கள். கங்காணி ஊருக்குப் போய், முன்பணம் கொடுத்து, சொந்தபந்தங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அரசாங்கம் தலைகளை எண்ணியது, தோட்டம் கடனை எழுதியது. அப்படிக் கங்காணியோடு வந்த ஒரு பெண்ணின் பெயரும் ஊரும் வயதும் சேர்ந்த தனிப் பதிவு கிடைப்பது மிக அரிது. ஆகவே உலகத்தின் மிகப் பெரிய வம்சாவளித் தளங்களில் ஒன்றில் தேடினாலும், எழுதப்படாத ஒன்று கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டு உள்ளே போகிறவர்கள் மனம் சோர மாட்டார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக் கலைஞர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், கோப்பித் தோட்டம் வைத்திருந்த கணவரோடும் பிள்ளைகளோடும் இலங்கையில் வாழ்ந்து 1879இல் இறந்தவர். அவருடைய தாய், தகப்பன், சகோதரிகள், பிள்ளைகள், எழுதிய கடிதங்கள், எல்லாமே கிடைக்கும். இலங்கையில் இருந்த அந்தச் சில வருடங்களில் அவர் இங்குள்ள பெண்களையும் உழைப்பாளிகளையும் படம்பிடித்தார். அந்தப் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, ஆனால் அதில் நிற்பவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவருடைய கலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கல்லறைக்கு எதிரே நின்று யோசித்தால், கமராவுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு முழு வாழ்க்கை வரலாறும், முன்னால் நின்ற பெண்ணுக்குப் பெயர்கூட இல்லாததும் நெஞ்சை அறுக்கிறது. ஃபெர்குசன் டைரக்டரி என்ற பழைய தோட்டக் கையேடுகளைப் புரட்டினாலும் இதே கதைதான். தோட்டத்தின் ஏக்கர் இருக்கும், சொந்தக்காரர் பெயர் இருக்கும், துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், பெயர் இருக்கும்.

அம்மாயியின் கடைசி மகள், என் சின்னம்மா, தோட்டத்திலேயே இருக்கிறார். நான் இந்த வேலையைத் தொடங்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது, “எங்கம்மா பேரு எந்தத் தாளுல புள்ள இருக்கப் போவுது? தொரை பேருதானே இருக்கும்.” அவர் சொன்னதில் உண்மை இருந்தது. தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமை தோட்ட நிர்வாகத்தின் மேல் இருந்ததால், அறிவித்தவர் என்ற இடத்தில் பெற்றவர்கள் பெயருக்குப் பதில் துரையின் பெயர் நிற்கும் பதிவுகளைப் பிற்பாடு நானே பார்த்தேன். ஆனால் அதே தாளில், வேறொரு கட்டத்தில், அம்மாயியின் பெயரும் இருந்தது.

நான் முதலில் எடுத்தது அம்மாயியின் இறப்புச் சான்றிதழ். எல்லோருக்கும் நான் சொல்வதும் இதைத்தான். பிறப்புச் சான்றிதழைத் தேடி அலையாதீர்கள், அந்தத் தலைமுறைக்கு அது பெரும்பாலும் இருக்காது. இறந்த வருடம் குடும்பத்தில் யாருக்காவது நினைவிருக்கும். இறப்புப் பதிவில் இறந்தவருடைய தாய் தகப்பன் பெயர்கள் கேட்கப்படும். அந்த ஒரு தாளில்தான் என் பூட்டியின், அதாவது அம்மாயியைப் பெற்றவளின் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அவர் வெறும் ‘ஆத்தா’. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

சான்றிதழை எடுத்தது பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில். இந்தச் சேவையையும் மதிப்பிட வேண்டும். திகதியும் பதிவு எண்ணும் தெரிந்தால் ஒரு கட்டணம், தெரியாவிட்டால் ஏட்டைத் தேடுவதற்குச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலான கட்டணம். இரண்டுமே ஏழைக்கும் தாங்கக்கூடியவைதான். எனக்கு உதவிய எழுதுவினைஞர் ஒரு சிங்களப் பெண்மணி. 1950களின் ஆங்கிலக் கையெழுத்தை என்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். பிற்காலத்துச் சிங்களப் பதிவுகளை வாசித்து, தமிழ்ப் பெயர் எதுவாக இருக்கும் என்று என்னிடமே கேட்டார். லெட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க் ஒருவிதமாக எழுதுவார், அடுத்தவர் இன்னொரு விதமாக எழுதுவார், சிங்களத்துக்குப் போய்த் திரும்பும்போது அது மூன்றாவது பெயராகிவிடும். அம்மாயியின் பெயருக்கும் அதுதான் நடந்திருந்தது. அந்த எழுதுவினைஞரின் பொறுமை இல்லாவிட்டால் பாதிப் பதிவுகளை நான் வேறு யாருடையவோ என்று நினைத்துத் தள்ளியிருப்பேன்.

ஃபேமிலிசேர்ச்சின் முதல் நல்ல குணம் இங்கேதான் தெரிந்தது. ஒருவருக்கு எத்தனை மாற்றுப் பெயர் வேண்டுமானாலும் சேர்க்கலாம், தமிழ் எழுத்திலேயே எழுதலாம். தாள்களில் கண்ட எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றையும் அப்படியே சேர்த்தேன். குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட்டுவிடுங்கள். தகப்பன் பெயரை அதில் போட்டால் அது வம்சப் பெயர்போல ஆகி, பிறகு தேடுகிறவர்களைத் திசைதிருப்பிவிடும். தகப்பனுக்கென்று தனி இடம் தளத்தின் குடும்ப மரத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது நல்ல குணம், அது உத்தேசத்தை ஏற்றுக்கொள்கிறது. அம்மாயி பிறந்த வருடம் எது? இறப்புச் சான்றிதழில் வயது 70 என்று இருக்கிறது, அப்படியானால் 1917. தேசிய அடையாள அட்டை வேறு சொல்கிறது. பழைய அட்டை இலக்கத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது இந்த வேலைக்கு மிகவும் முக்கியம். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அம்மாயியின் அட்டையில் வருடம் 24, அடுத்த மூன்றும் 501. அதாவது 1924 ஜனவரி 1. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு எழுதுகிறவர் கொடுத்த நாள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. மரத்தில் ‘1920 அளவில்’ என்று போட்டேன். தளம் அதை அப்படியே ஒரு திகதியாக எடுத்துக்கொண்டது. எந்த அரசாங்கப் படிவமும் எங்கள் ஆட்களிடம் இவ்வளவு நியாயமாக நடந்துகொண்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத அங்கே இடமே இருக்காது.

அந்த அட்டையின் இலக்கத்துக்குக் கடைசியில் ஓர் எழுத்து வரும். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களுக்கு வீ, இல்லாதவர்களுக்கு எக்ஸ். அம்மாயியின் அட்டையில் இருப்பது எக்ஸ். இந்த மண்ணில் பிறந்து, அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, இறக்கும்வரை நாடற்றவர்.

ஏன் அப்படி என்பதற்கான தாள்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருந்தன. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை வெளியே தள்ளியது. 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 1946க்கு முன், கலியாணம் முடித்தவர் ஏழு வருடமும் முடிக்காதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். தாத்தா விண்ணப்பித்திருக்கிறார். நிராகரிக்கப்பட்டிருக்கிறது. இடையில் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியது தடையாகியிருக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பப் பிரதியில் மனைவி பெயர் இருக்கிறது, அவர் பிறந்த தோட்டத்தின் பெயர் இருக்கிறது, அதுவரை பிறந்த பிள்ளைகள் பெயர் இருக்கிறது. குடும்பத்தை நாடற்றவர்களாக்கிய அந்தத் தாள்தான் அம்மாயி எங்கே பிறந்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துச் சான்று. பெட்டியில் இருக்கும் பழைய ‘பிரசாவுரிமைக் கடிதாசி’களை யாரும் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிராகரித்த கடிதமானாலும் சரி, அதில் குடும்பமே இருக்கும்.

பிறகு 1964 அக்டோபரில், நாடற்ற எங்கள் ஆட்களைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பெரிய மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, 1970களின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறினார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டத்தில், இப்போது டான்டீ என்கிறார்களே, அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அம்மாயி மகள்களோடு இங்கேயே நின்றுவிட்டார். மாமாவின் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். அவர்களிடம் இருந்த பழைய தாளொன்றில் தாத்தாவின் பூர்வீக ஊர், திருச்சி மாவட்டத்துக் கிராமம், எழுதியிருந்தது. அந்தப் படத்தையும் மரத்தில் ஆதாரமாக இணைத்தேன். நீலகிரியில் இருந்துகொண்டு அவர்களும் அதே மரத்தைப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். கடல் பிரித்த இரண்டு கிளைகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

தாத்தாவின் ஊர் கிடைத்தது, அம்மாயியின் தாய் ஊர் கிடைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தற்செயல் இல்லை. உங்கள் வீட்டு இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்கவில்லை என்றால் பூட்டனைப் பற்றிக் கேட்கும் கட்டம் இன்னொன்று. பாட்டியைப் பற்றி ஒரு கட்டமும் இல்லை. 1948 சட்டம் வம்சாவளிப் பிரசாவுரிமையைத் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருடைய தகப்பன் என்று ஆண்வழியாகவே கேட்டது. படிவமும் அதற்கேற்றபடிதான் கேட்டது. ஆகவே ஒரு பெண் தாயாகும்போது ஒரு தடவை தாளுக்கு வருகிறாள், அவள் பிள்ளைகளின் பிள்ளைகள் பிறக்கும்போது மறைந்துபோகிறாள். ஃபேமிலிசேர்ச்சில் விசிறி வடிவ வரைபடம் என்று ஒன்று உண்டு. அதில் தாய்வழிக்கும் தகப்பன்வழிக்கும் சரிபாதி இடம். என் தாய்வழிப் பாதி முதலில் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் அடுத்து யாரைத் தேட வேண்டும் என்று தீர்மானித்தேன். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்தப் பாதியை நிரப்ப உதவியது அரசாங்க ஏடு அல்ல, மொய் நோட்டு. சின்னம்மாவின் கலியாணம் 1974இல் நடந்தது. அரிசிக்கும் மாவுக்கும் தோட்டமெல்லாம் தவித்த காலம். அப்படியும் மொய் எழுதியிருக்கிறார்கள். முதல் வரி தாய்மாமன்கள். பெயருக்கு முன்னால் தோட்டத்தின் பெயர், டிவிசன் என்ற தோட்டப் பிரிவு, சிலருக்குப் பக்கத்தில் ‘பெரியவர்’, ‘சின்னவர்’ என்ற குறிப்பு. அம்மாயியின் அண்ணனும் இரண்டு தம்பிகளும் எங்கெங்கே இருந்தார்கள் என்பது அந்த ஒரு பக்கத்தில் கிடைத்தது: மஸ்கெலியா, கொட்டகலை, இன்னும் ஒருவர் பதுளைப் பக்கம். பக்கத்தைப் படம் எடுத்து, தொகைகளை மறைத்து, மரத்தில் சேர்த்தேன். பிறந்த வீட்டு உறவை எந்தப் பதிவாளரும் கேட்கவில்லை. சீர் வாங்குகிறவர்கள் மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடினோம். 1952 ஏட்டில் இருந்தது. எழுதுவினைஞர் பழக்கத்தில் முன்வருடங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இங்கேயும் இதே பெயர் இருக்கிறதே” என்றார். 1950. அதே தாய், அதே தகப்பன், அதே டிவிசன், அதே பெயரில் ஒரு பெண் குழந்தை. இரண்டு தரம் பதிந்துவிட்டார்களோ என்றுதான் இருவரும் நினைத்தோம். பிறகு இறப்பு ஏட்டைக் கேட்டு எடுத்தோம். 1951இல், பதினொரு மாதத்தில், வயிற்றோட்டம் என்று எழுதியிருந்தது. அடுத்து பிறந்த பெண்ணுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலை தோட்டத்துக்குப் போய்ச் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “எனக்கு மேல ஒரு அக்கா இருந்துச்சா? அம்மா ஒரு நாளும் சொல்லலியே புள்ள” என்றார். அப்புறம் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, தன்னைக் கூப்பிடும்போது அம்மாயி சில நேரம் இரண்டு தரம் கூப்பிடுவார் என்றும், அது பழக்கம் என்றுதான் நினைத்திருந்ததாகவும் சொன்னார். அதைச் செயலியிலேயே ஒலிப்பதிவு செய்தேன். நினைவுகள் என்ற பகுதியில் படம், தாள் மட்டுமன்றிக் குரலையும் சேர்க்கலாம். அம்மாயியின் பக்கத்தைத் திறந்தால் இப்போது சின்னம்மாவின் குரல் கேட்கும். எழுத வாசிக்கத் தெரியாத தலைமுறையின் சாட்சியத்தை அவர்கள் பேச்சிலேயே வைத்துக்கொள்ள முடிவது இந்தத் தளத்தின் மூன்றாவது நல்ல குணம். என்னைக் கேட்டால், முதலாவதும் அதுதான்.

அந்தக் குழந்தைக்கும் மரத்தில் ஓர் இடம் இருக்கிறது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் ஊர்களில் புதிதல்ல. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிற்காலத்தில் யாராவது இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். ஆகவே ‘இவர் வேறு, அடுத்தவர் வேறு’ என்று இரண்டு பதிவு எண்களோடும் குறிப்பு எழுதி வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

எச்சரிக்கைகளும் உண்டு. இது எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம். உயிரோடு இருப்பவர்களின் பக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் இறந்தவர்களின் பக்கத்தை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். செய்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகும், பழையதைத் திரும்பக் கொண்டுவரவும் முடியும் என்றாலும், தாள்களின் படத்தை உங்கள் கையிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். உயிரோடு இருப்பவர்களின் அடையாள அட்டை, வங்கி, சேமலாப நிதி இலக்கம் எதுவும் தெரியும் தாளை ஏற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சபையினர் இறந்துபோன தங்கள் மூதாதையருக்காகப் பதிலாள் ஞானஸ்நானம் செய்யும் நம்பிக்கை உள்ளவர்கள். வம்சாவளியில் அவர்களுக்கு இவ்வளவு அக்கறை வந்ததே அதனால்தான். தங்கள் சொந்த உறவுகளுக்கே செய்ய வேண்டும், கடந்த 110 வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. எங்கள் குடும்பத்தில் இதைப் பேசி, அம்மாயியின் பக்கத்தில் எங்கள் வழிபாட்டையும் எழுதி, பிறகுதான் தாள்களை ஏற்றினோம். உங்கள் வீட்டில் இதை ஏற்காதவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தேடித் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சேவையையும் மாமாவின் பேரன் முயன்று பார்த்தான். டாலரில் வாங்கிக்கொண்டு அழகான அட்டையோடு ஓர் அறிக்கை அனுப்பினார்கள். அதில் இருந்த குடும்பம் எங்களுடையது இல்லை, யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. இலங்கைத் தமிழர் என்றால் எல்லோரும் ஓரிடம் என்று நினைத்துத் தேடியிருக்கிறார்கள். தோட்டம், டிவிசன், கங்காணி என்ற மூன்றையும் கேட்காமல் மலையகக் குடும்பத்தைத் தேட வருகிறவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம்.

பூட்டி தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி வந்தார், இலங்கைக்கு வருகிறவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் அம்மை குத்தினார்கள், தழும்பு கடைசிவரை கையில் இருந்தது என்கிறார் சின்னம்மா. தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் 1914இல் தொடங்கியது, ஆகவே அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அவருக்கு மேலே மரம் ஏறவில்லை. தாய் பெயரும் ஊரும் வெறுமையாகவே இருக்கின்றன. அந்த இடத்தில் ஊகித்து எதையும் நான் எழுதவில்லை.

மதிப்பெண் கொடுப்பதென்றால், நம் ஆட்களின் பதிவுகளைத் தேடுவதற்கு 5க்கு 1. சேர்த்து வைக்கவும், குரலைக் காக்கவும், கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள உறவோடு சேர்ந்து வேலை செய்யவும் 5க்கு 5. பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவுக்கு 5க்கு 4. அங்கே போகும்போது தோட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரையும் நம் ஆட்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயரையும் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். பின்னால் வரிசை இருக்கும் திங்கட்கிழமைக் காலையில் போகாதீர்கள். ஏட்டைப் புரட்ட ஆறுதலான நேரம் வேண்டும். மஸ்கெலியாவிலோ கொட்டகலையிலோ 1974 கலியாணத்துக்குப் பொகவந்தலாவைக்குச் சீர் கொண்டுபோன தாய்மாமன் வீட்டுக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் பெட்டியிலும் ஒரு மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.